சூசையப்பரைத் தின்ற மாடு

எனக்கு மாடு வராது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. வைக்கோல், பனைநார், தென்னம்பாளை, எது கையில் கிடைத்தாலும் ஆள் செய்துவிடுவேன், ஆட்டுக்குட்டி செய்துவிடுவேன். மாடு மட்டும் இன்றுவரை வந்ததில்லை. (சிற்பம் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவள் பேசுகிற பேச்சா இது!)

எழுபதுகளின் நடுவில் புத்தூரில் குடியிருந்தோம். பி.யூ.சி. முடித்த நான், கும்பகோணத்துக்குப் போய் ஓவியக் கல்லூரியில் சேர்ந்தே தீருவேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தேன். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த அப்பாவுக்கோ என்னை டீச்சர் ட்ரெய்னிங்கில் தள்ளிவிட ஆசை. கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார்.

"இந்தக் கிறிஸ்துமஸ் குடிலை நீயே செய். கடையில விக்கிற சுரூபம், பொம்மை ஒண்ணுகூட வேண்டாம். பங்குச் சாமியார் வந்து பார்த்து நல்லா இருக்குன்னு சொல்லட்டும், அனுப்பறேன்."

விடுவேனா? லால்குடி மாமா வீட்டிலிருந்து பஸ் கூரையில் வைக்கோல் வந்தது. காவிரிக் கரையில் நாரும் பாளையும் பொறுக்கினேன். வடிகஞ்சியைக் காய்ச்சிப் பசை. எறும்பு வராமலிருக்க அதில் கை நிறையக் கல்லுப்பு. (என்ன ஒரு மூளை!) மாதா வந்தார், ராஜாக்கள் வந்தார்கள். மாதாவின் கணவர் சூசையப்பர் ஆள் உயரத்துக்குத் தாடியும் தடியுமாக ஜம்மென்று நின்றார். மாடுதான் வரவில்லை. நான் செய்து வைத்ததைப் பார்த்து அம்மா, "பன்னிக்குட்டி எதுக்குடி குடில்ல?" என்றாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எதிர்வீட்டு அக்காவின் செவலைப் பசுவை இரவல் வாங்கி, சூசையப்பர் பக்கத்தில் கட்டிவிட்டேன். நிஜ மாடு! புத்தூரிலேயே யாருக்கும் வராத யோசனை. ஏன் யாருக்கும் வரவில்லை என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம்.

கிறிஸ்துமஸ் சாயங்காலம் சாமியார் வந்தார். "தோத்திரம் சாமி" என்று நான் கைகூப்பிய நேரம் பார்த்து, பசு கழுத்தை நீட்டித் தாடியை இழுத்தது. ருசி பிடித்துப்போய்விட்டது. அடுத்த வாய்க்குத் தலை.

"ஐயையோ, சூசையப்பர்!"

நான் காலைப் பிடித்து இழுக்க, அது தோளைப் பிடித்து இழுக்க, பாதி அதற்கு, பாதி எனக்கு. சாமியார் சிரித்துச் சிரித்துப் புரையேறி, அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, குடிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பிவிட்டார்.

"வைக்கோல், கஞ்சி, உப்பு. இது சுரூபமா? மாட்டுத் தீனியில்ல செஞ்சு வெச்சிருக்க!" என்றார் அப்பா.

போச்சு, கும்பகோணம் போச்சு. வாசற்படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

அப்பா கீழே கிடந்த சூசையப்பரின் வலது கையை எடுத்துத் தூசி தட்டினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சுண்டுவிரல் ஏம்மா வளைஞ்சிருக்கு?"

"அது உங்க கைப்பா. நீங்க பேப்பர் படிக்கறப்ப பார்த்துப் பார்த்துச் செஞ்சேன்."

மெஷினில் நசுங்கி வளைந்த தன் விரலை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அந்தக் கையைக் கீழே வைக்காமலே, "அப்ளிகேஷன் எப்பக் குடுக்கறாங்களாம்?" என்றார்.

அதற்கப்புறம் எத்தனையோ கண்காட்சி வைத்துவிட்டேன். அப்பா ஒன்றைக்கூட விட்டதில்லை. எண்பது தாண்டிய பிறகும் எல்லாருக்கும் முன்னால் வந்து, வாசலில் நின்று தெருவை இரண்டு பக்கமும் பார்ப்பார்.

"மாடு கீடு ஒண்ணும் வரலியே? சரி, கதவைத் திறம்மா."