பெற்றவர் நீங்கள் இருக்க, பேய் நானா?

பெருமதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நான், என் மனைவி, என் மகள், உங்கள் மகன் எல்லோரும் நலம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும் நலமாகத்தான் இருப்பீர்கள். உங்கள் மகன் என் வீட்டில் இருக்கும்போது நீங்கள் நலமாக இல்லாமல் போவதற்கு வழியே இல்லை. சம்பந்தியம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? உங்கள் சர்க்கரை இறங்கியதா? இவற்றுக்கெல்லாம் தனியாகப் பதில் எழுதுங்கள். இந்தக் கடிதத்துக்கு எழுதும் பதிலில் வேறு விஷயம் எதையும் கலக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கல்யாணம் பேசும்போது பையன் கலைத்துறையில் இருக்கிறான் என்றீர்கள். நான் ஓவியம் வரைவார் போலிருக்கிறது என்று நினைத்து, சுவரில் நல்ல இடமாக ஒன்றை ஒதுக்கிக்கூட வைத்தேன். குடிநீர் வாரியத்தில் ஆயுள் முழுக்கக் குழாய்க் கசிவு பார்த்தவனுக்குக் கலை என்றால் அவ்வளவுதான் தெரியும். அவர் பேய்ப்படம் எடுக்கிறவர் என்பது கல்யாணத்துக்கு வந்த நண்பர்களைப் பார்த்தபிறகுதான் விளங்கியது. எல்லோரும் கறுப்புச் சட்டை. குழுப் படத்தில் அவர்கள் நிற்கிற வரிசை மட்டும் ஏதோ கரி பட்ட மாதிரி இருக்கிறது. போகட்டும், உத்தியோகத்தில் உயர்வென்ன தாழ்வென்ன என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இதுவரை உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா? இப்போது சொல்கிறேன், கேளுங்கள்.

மாப்பிள்ளைக்குப் படம் கொடுக்கிற தயாரிப்பாளர் ஒருவர் இருக்கிறார். எல்லோரும் அவரை முதலாளி என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் இந்த வருஷம் ஒரே ஒரு பேய்ப்படம்தான் எடுப்பதாக முடிவு செய்துவிட்டார். அதற்கு ஆள் நான்கு. மாப்பிள்ளை ஒருவர், மற்ற மூவர் வெளியாட்கள். படம் மாப்பிள்ளைக்குக் கிடைத்தால் இளசுகள் இரண்டும் தனிக்குடித்தனம் போகும், மாடி அறை எனக்குத் திரும்பி வரும். கிடைக்காவிட்டால் இன்னும் ஒரு வருஷம் அவர் மாடியில் குறுக்கும் நெடுக்கும் நடந்து கதை யோசிப்பார், நான் கீழே படுத்துக்கொண்டு உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆகவே அவருக்குக் கிடைக்க வேண்டுமென்று அவரைவிட நான்தான் அதிகம் வேண்டிக்கொண்டேன். இதை நீங்கள் மறக்கக் கூடாது. முதலாளி என்ன செய்தார் என்றால், நான்கு பேரையும் ஒரே இடத்தில் உட்காரவைத்து, தங்கள் தொழிலைப் பற்றியும் தாங்கள் வளர்ந்த கதையைப் பற்றியும் பேசவிட்டு, அதைத் தன்னுடைய இணையச் சேனலுக்குப் படமும் பிடித்துக்கொண்டு, அதிலேயே ஆளையும் தேர்ந்தெடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். கேள்வி கேட்கத் தனி ஆள் வைத்தால் சம்பளம் என்று அதையும் தானே கேட்பதாகச் சொல்லிவிட்டார். ஸ்டுடியோ பிடித்தால் வாடகை. உடனே உங்கள் மகன், "எங்க வீட்டுக் கூடமே இருக்கே சார்" என்றாராம். யாருடைய வீட்டுக் கூடம்? என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மனைவியிடம் கேட்டேன், உனக்குத் தெரியுமா என்று. "கேட்டா நீங்க வேண்டாம்னுதான் சொல்லுவீங்க, அதனாலதான் கேக்கல" என்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பலகாரம்கூட இறங்கியிருக்காது, வந்து இறங்கிவிட்டார்கள். முதல் காரியமாக ஜன்னல்களையெல்லாம் சாத்திக் கறுப்புத் துணி போட்டு மறைத்தார்கள். மறைத்தபிறகு, ஐயோ இருட்டாக இருக்கிறதே என்று ஆளுயர விளக்குகளைக் கொண்டுவந்து ஏற்றினார்கள். வெளியே சூரியன் இலவசமாக எரிந்துகொண்டிருக்கிறது, அதை மூடிவிட்டு உள்ளே என் மீட்டரில் வெளிச்சம் போடுகிற தொழிலை நான் கேள்விப்பட்டதே இல்லை. சமையலறை வாசலில் நின்று வாயைத் திறக்கப்போனேன். மகள் வந்து, "அப்பா, இன்னிக்கு ஒரு நாள்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த மூன்று பேரையும் உங்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டும். ஒருவர் கதவு டைரக்டர். பேயைக் காட்டவே கூடாது, கதவைத்தான் காட்ட வேண்டும் என்பது அவர் கொள்கை. அவருடைய போன படத்தில் இடைவேளை வரை ஒரு கதவு திறந்துகொண்டே இருந்ததாம், இடைவேளைக்குப் பிறகு அது மூடிக்கொண்டது. எங்கள் ஸ்டோர் ரூம் கதவு கிறீச்சிடும். போன தடவை மாப்பிள்ளையைப் பார்க்க வந்தபோது அந்தச் சத்தத்தில் சொக்கிப்போய், இந்தத் தடவை அதைப் பதிவு செய்ய மைக்கும் கையுமாக வந்திருக்கிறார். நான் முதல் நாள்தான் கீலுக்கு எண்ணெய் விட்டிருந்தேன். விருந்தாளிகள் வருகிறார்களே என்ற மரியாதைக்குத்தான் விட்டேன். கதவைத் திறந்தார், மூடினார், திறந்தார், மூடினார். அப்புறம் என்னைப் பார்த்து, "சார், யார் சார் இந்தக் காரியத்தைப் பண்ணினது?" என்றார், எழவு வீட்டில் கேட்பதுபோல. இன்னொருவர் பொம்மை டைரக்டர். கையில் ஒரு கண் மட்டும் உள்ள பொம்மையைத் தூக்கிக்கொண்டு வந்து, சூழ்நிலைக்காக என்று என் சாய்வு நாற்காலியில் வைத்துவிட்டார். நான் கவனிக்காமல் அதன்மேல் உட்கார்ந்தேன். அது "அம்மா" என்றது. நான் அதைவிடச் சத்தமாக "அம்மா" என்றேன். அவர் ஓடிவந்து தூக்கியது பொம்மையைத்தான். மூன்றாமவர் இருட்டு டைரக்டர். அவர் படத்தில் எதுவும் தெரியாது. பார்க்கப் போனவர்கள் மெஷின் ரிப்பேர் என்று டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டார்களாம், ஒரு பத்திரிகை மட்டும் அதை மகத்தான துணிச்சல் என்று எழுதியதாம். அன்றிலிருந்து கறுப்புக் கண்ணாடியை வீட்டுக்குள்ளும் கழற்றுவதில்லை. அதோடு நடந்து வந்து எங்கள் டீப்பாயில் முழங்காலை இடித்துக்கொண்டு ஒரு கத்துக் கத்தினார் பாருங்கள், ஒலிப்பதிவுக்காரர் முகம் மலர்ந்து, "சார், அதே மாதிரி இன்னொண்ணு" என்றார்.

காமிரா ஓட ஆரம்பித்ததும் எல்லோருக்கும் குரல் மாறிவிட்டது. பயம் என்பது ஒரு மௌனம் என்றார் ஒருவர். இல்லை, மௌனம் என்பதுதான் ஒரு பயம் என்றார் அடுத்தவர். இரண்டும் ஒன்றுதானே என்று எனக்குத் தோன்றியது, முதலாளி இரண்டுக்கும் தலையாட்டினார். சின்ன வயதிலிருந்தே பேய்ப்படம் எடுப்பதுதான் தன் கனவு என்று கதவு சத்தியம் செய்தார். பொம்மைக்கும் அதே கனவுதான், தொட்டிலில் இருந்தபோதே வந்ததாம். பிறகு காப்பிக்காக நிறுத்தினார்கள். முதலாளி போன் பேச வாசலுக்குப் போனார். உடனே மூவரும் மாப்பிள்ளையோடு சமையலறைக்குள் வந்து என் மனைவியிடம் புலம்ப ஆரம்பித்துவிட்டார்கள்! கதவு முதலில் எழுதிக்கொண்டு வந்தது காதல் கதையாம். முதலாளி கேட்டுவிட்டு, "நல்லா இருக்கு தம்பி, பொண்ணை இடைவேளைக்கு முன்னாடி சாகடிச்சிடு, அப்புறம் பேயா வந்து காதலிக்கட்டும்" என்றாராம். பொம்மை கொண்டுவந்தது அண்ணன் தம்பி பாசக் கதை. "தம்பிங்க எதுக்கு இத்தனை பேரு, ரெண்டு பேரைக் கொன்னுடு" என்றாராம். இருட்டு அரசியல் படம் எடுக்க வந்தவர். அதில் பேய் வைக்க இடமில்லை என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். "பேய் சம்பளம் கேக்காது, கேரவன் கேக்காது, பேனர்ல தன் படம் சின்னதா இருக்குன்னு சண்டை போடாது. அதைவிட நல்ல நடிகர் யாரு இருக்கா?" என்று முதலாளி மடக்கிவிட்டாராம். இதைச் சொல்லும்போது இருட்டுக்குக் கண்ணாடிக்குள் கண் கலங்கியிருந்தது என்று மனைவி பிறகு சொன்னாள், எனக்குத் தெரியவில்லை. உங்கள் மகன் குழந்தைகளுக்குப் படம் எடுக்க வந்தவராம். இது எனக்கே அன்றுதான் தெரியும். முதலாளியின் செருப்புச் சத்தம் கேட்டதும் நான்கு பேரும் காப்பியை அப்படியே வைத்துவிட்டு ஓடிப்போய் உட்கார்ந்தார்கள். ஊரையே நடுங்கவைக்கிறவர்கள் ஒரு செருப்புச் சத்தத்துக்கு ஓடிய ஓட்டத்தை அந்தச் சேனலில் போட்டிருந்தால் நானே காசு கொடுத்துப் பார்த்திருப்பேன்.

கடைசிக் கேள்வியாக முதலாளி, "ஊரையே பயமுறுத்துறீங்க, உங்களுக்கு எதைக் கண்டா பயம்?" என்றார். கதவு, "தனிமை" என்றார். பொம்மை, "என் மனசாட்சி" என்றார். இருட்டு கண்ணாடியோடு உத்தரத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கு என்னைக் கண்டாதான் பயம்" என்றார். முதலாளி கொட்டாவியை விழுங்குவது எனக்குத் தெரிந்தது. அடுத்தது உங்கள் மகன். தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மெதுவாக, "எங்க மாமாவைக் கண்டா, சார்" என்றார்.

கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்து, "எப்படி, எப்படி?" என்றார். அவ்வளவுதான், கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஒரு சாதாரண வீடு. ரிட்டையரான ஒரு பெரியவர், மூக்குக் கண்ணாடி, இடுப்பில் சாவிக்கொத்து. இறந்துவிடுகிறார். எல்லோரும் அழுது ஓய்ந்து, கொஞ்சம் காற்றாட உட்காருகிறார்கள். துண்டை எடுக்க எழுந்து போய்த் திரும்பி வந்தால் மின்விசிறி நின்றிருக்கிறது. குளித்துக்கொண்டே இருக்கும்போது குழாய் தானாக மூடிக்கொள்கிறது. மகள் செருப்பை மாட்டினால் காலி நாற்காலியிலிருந்து "எங்க கிளம்பிட்டே?" என்று ஒரு குரல். திரும்பி வந்தால் அதே நாற்காலியிலிருந்து "க்கும்" என்று ஒரு கனைப்பு. பெரியவர் உயிரோடு இருந்தபோது வெளியே போன சமயத்திலாவது மற்றவர்கள் நிம்மதியாக இருந்தார்கள், இனி அவர் எங்கும் போகமாட்டார். சம்பந்தி, மூக்குக் கண்ணாடி என்னுடையது, சாவிக்கொத்து என்னுடையது, அந்தக் கனைப்பு கால் காசு குறையாமல் என்னுடையது. கூடம் சத்தமே இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தது. நான் நிற்கிற இடத்தை யாரும் பார்க்கவில்லை. எனக்கு ஒரு பக்கம் ரத்தம் கொதிக்கிறது, இன்னொரு பக்கம் பார்த்தால் அந்த ஆளுயர விளக்குகளில் ஒன்று யாருமே இல்லாத மூலையைப் பார்த்து வெட்டியாக எரிந்துகொண்டிருக்கிறது. கை சும்மா இருக்குமா? எட்டி ஸ்விட்சை அணைத்தேன். தொண்டை கரகரத்ததால் லேசாகக் கனைத்தேன்.

சம்பந்தி, அந்த அலறலை எப்படி எழுதுவேன்? கதவு சோபாவின்மேல் ஏறி நின்றார். பொம்மை தன் பொம்மையைப் போட்டுவிட்டு இருட்டைக் கட்டிக்கொண்டார். இருட்டு கண்ணாடியைக் கழற்றிவிட்டார். முதலாளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் குடித்து, மூச்சு வந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "எங்க மாமனாரும் இப்படித்தான்யா." அப்படியே எழுந்து உங்கள் மகனின் கையைப் பிடித்துக் குலுக்கி, படம் உனக்குத்தான் என்றுவிட்டார். கடவுளிடம் நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் எந்த வழியில் கிடைத்தது என்று பாருங்கள்.

எனக்கு அது பெரிதில்லை. சமையலறையிலிருந்து இன்னும் இரண்டு அலறல் வந்ததே, அதுதான் பொறுக்கவில்லை. எல்லோரும் போனபிறகு மனைவியைக் கேட்டேன், அவர்கள் கத்தினார்கள் சரி, நீ ஏன் கத்தினாய் என்று. "பழக்கத்துல கத்திட்டேன்" என்றாள். மகளைக் கேட்டேன். "சின்ன வயசுல நீங்க கேட்டைத் திறக்கிற சத்தம் கேட்டா டிவியை அணைச்சிட்டுப் புத்தகத்தை எடுத்து வெச்சுக்குவேன்பா. சில நாள் தலைகீழாகூட இருக்கும்" என்று சிரிக்கிறாள். நான் அவள் படிப்பாளி என்று அலுவலகம் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டவன். மனது கனத்துப்போயிற்று, சம்பந்தி. நான் யாரையாவது அடித்திருக்கிறேனா, அதட்டியிருக்கிறேனா? விளக்கைத்தானே அணைத்தேன். மறுநாள் வைராக்கியமாக, ஆளில்லாத கூடத்தில் மின்விசிறியைச் சுற்றவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டேன். கை இரண்டு தடவை ஸ்விட்சுப் பக்கம் போனது, இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். மனைவி எட்டிப்பார்த்தாள். சுற்றுகிற விசிறியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உள்ளே போய்க் காய்ச்சல் பார்க்கிற கருவியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

ஆகவே உங்களிடம் என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். படப்பிடிப்பு தொடங்குமுன் நீங்கள் உங்கள் மகனுக்கு எழுதி, இந்தப் பேயை மாற்றச் சொல்ல வேண்டும். மரியாதையான படங்களில் வருவதுபோல வெள்ளைப் புடவை கட்டிய பெண்பிள்ளை யாரையாவது வைத்துக்கொள்ளட்டும். ஆண் பேய்தான் வேண்டுமென்றால் அதற்கும் ஒரு முறை இருக்கிறது. பெற்று வளர்த்த அப்பா நீங்கள் குத்துக்கல்லாக இருக்கும்போது, பெண் கொடுத்தவனைப் போய்ப் பேயாக்குவது என்ன நியாயம்? உங்களிடம் இல்லாத கனைப்பா? கல்யாண மண்டபத்தில் நீங்கள் கனைத்த கனைப்பில் சமையல்காரர் கரண்டியைக் கீழே போட்டதை நான் இன்னும் மறக்கவில்லை. இந்தப் படம் இப்படியே வெளிவந்தால் நான் உங்கள் வீட்டு வாசற்படி மிதிக்கமாட்டேன். அது உங்களுக்குச் சௌகரியமாகக்கூட இருக்கலாம், ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு என் மனைவி அன்பைச் சொல்லச் சொன்னாள். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ்ந்து, பேரன் பேத்தி எடுத்து, உங்கள் மகன் என்றைக்காவது ஒரு நல்ல படம் எடுப்பதையும் கண்ணால் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
மனம் நொந்த,
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் நிலைமை மாறிவிட்டது. அந்தப் பெரியவர் வேஷத்துக்கு என்னையே போடலாமா என்று மாப்பிள்ளை நேற்று காமிரா முன்னால் நிற்கவைத்துப் பார்த்தார். நான் வேண்டாமென்றுதான் இருந்தேன், வற்புறுத்தியதால் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு நின்றேன். காமிராவைப் பார்த்ததும் ஏனோ சிரிப்பு வந்துவிட்டது. "மாமா, நீங்க இதுல ரொம்ப நல்லவரா தெரியறீங்க, யாரும் பயப்பட மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு, எதிர் வீட்டு ரிட்டையர்டு தபால்காரரைப் போட்டுவிட்டார். அவர் ஸ்விட்சைத் தடவித் தடவித் தேடுகிறார்! ஒரு விளக்கை அணைக்கத் தெரியாதவரெல்லாம் நானாக நடிப்பதா? ஆகவே மேலே எழுதியதையெல்லாம் எழுதாததாக நினைத்துக்கொள்ளுங்கள். பேய் அப்படியே இருக்கட்டும். வேஷத்தை மட்டும் எனக்குக் கொடுக்கச் சொல்லி உடனே மகனுக்கு எழுதுங்கள், நீங்கள் சொன்னால் கேட்பார். என் தகுதியில் சந்தேகம் இருந்தால் என் மனைவியைக் கேளுங்கள். "உங்களைவிடப் பயங்கரமா அந்த ஆளால ஒரு நாளும் வர முடியாது" என்று இப்போதுதான் என் தோளுக்குப் பின்னாலிருந்து சொன்னாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் என்னைப் பாராட்டி நான் கேட்பது இதுதான் முதல் தடவை.