பட்டமளிப்பு விழாவைத் துறந்தவள்

புதிதாக யோகா கற்றுக்கொண்டவர்களோடு ஒரே வீட்டில் குடியிருக்கக் கூடாது. இதைச் சொன்னவள் காயத்ரி. பிரிக்ஃபீல்ட்ஸில் என்னோடு வாடகை அறையைப் பகிர்ந்துகொண்டிருந்தவள். ஒருநாள் அவள் அடையாள அட்டையைத் தொலைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள். நான் பத்மாசனத்தில் உட்கார்ந்தபடி, "தொலஞ்சது கார்டுதானே, நீ இங்கதானே இருக்க?" என்று புன்னகைத்தேன். செருப்பு பறந்து வந்தது. "செருப்பு மேலயும் பற்று வைக்காத, நல்லதுதான்" என்றேன். (இரண்டாவது செருப்பும் வந்தது.)

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. பட்டப்படிப்பை முடித்து, கோலாலம்பூரில் ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வாரம் இரண்டு மாலை யோகா வகுப்பு. கடைவரிசை ஒன்றின் மாடியில் வகுப்பு. கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. மூச்சை ஆழமாக இழுங்கள் என்றால் மீன் குழம்பு வாசனையும் சேர்ந்தே உள்ளே போகும். சொல்லிக்கொடுத்தவர் லீ மேய், என்னைவிட ஆறேழு வயது மூத்த சீனப் பெண். பகலில் வங்கி வேலை, மாலையில் யோகா. கடைசிப் பத்து நிமிடம் தத்துவம் பேசுவார். வேலையை ஒழுங்காகச் செய், அதன் பலனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்காதே என்பார். ஒரு சீனப் பெண் ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்லித்தான் ஒரு தமிழ்ப் பெண்ணுக்குப் பற்றின்மை புரிய வேண்டியிருந்தது. (புரியவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.)

மூன்றே வாரத்தில் நான் ஞானியாகிவிட்டேன். ரயில் என் மூக்குக்கு எதிரே கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினால் அதற்கு ஒரு புன்னகை. நான் கேட்ட தேநீருக்குப் பதில் வேறு எதையோ கொண்டுவந்து வைத்தால் அதற்கும் ஒரு புன்னகை. அலுவலகத்தில் ஒருத்தி, "உனக்கு உடம்பு சரியில்லையா?" என்றே கேட்டுவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துப் பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. பட்டமளிப்பு விழாவுக்கு வருகிறீர்களா இல்லையா என்று கேட்டு ஒரு படிவம்.

இங்கே என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அம்மா தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவர். தெலுக் பங்லிமா காராங்கில் கையுறை செய்யும் தொழிற்சாலையில் வேலை. அப்பா லோரி ஓட்டுநர். இரண்டு பக்கச் சொந்தத்திலும் பள்ளியின் பதினோராம் ஆண்டான படிவம் ஐந்தைத் தாண்டிய முதல் ஆள் நான். இதை நான் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. (பேருந்தில் பக்கத்தில் உட்காருபவர்களிடம் மட்டும்.)

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். எனக்கு முதல் வகுப்பு கிடைக்கவில்லை. நூலிழையில் தவறியது. என் கூட்டாளிகள் மூன்று பேருக்குக் கிடைத்தது. முதல் வகுப்புக்காரர்களை முதலில் மேடைக்கு அழைப்பார்கள். மற்றவர்கள் ஆங்கில அகரவரிசைப்படி பின்னால் வர வேண்டும். என் பெயர் யமுனா. வரிசையின் வாலில் நின்றுகொண்டு அந்த மூன்று பேருக்கும் கைதட்டுவதை நினைத்தாலே வயிறு எரிந்தது. இந்த எரிச்சலுக்கு நான் வைத்த பெயர்தான் பற்றின்மை.

படிவத்தில் இரண்டு கட்டங்கள்: 'ஹாடிர்', 'தீடாக் ஹாடிர்'. வருவேன், வரமாட்டேன். நான் இரண்டாவதைத் தட்டினேன். உடனே காரணம் கேட்டது. வெளிநாட்டில் இருக்கிறேன், உடல்நலமில்லை, பிரசவம், வேலை, மற்றவை. 'மற்றவை'யைத் தட்டியதும் எழுதுவதற்கு ஒரு பெட்டி திறந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நான் படித்தவள் ஆயிற்றே, ஆங்கிலத்தில் ஒரு முழு வாக்கியம் எழுதினேன்: 'என் செயலின் பலன்மீது எனக்குப் பற்றில்லை.' அனுப்பிய பிறகு, பத்துமலைப் படிகளை ஒரே மூச்சில் ஏறி முடித்ததுபோல உடம்பு லேசாக இருந்தது.

அம்மாவிடம் சொல்லவில்லை. துறந்ததைச் சொல்லிக்காட்டினால் அது துறவாகாது என்று எனக்கு நானே விளக்கம் கொடுத்துக்கொண்டேன். (பயம் என்றும் அதைச் சொல்லலாம்.) அம்மா ஒவ்வொரு வாரமும் தொலைபேசியில், "கான்வோ எப்ப மா?" என்று விழாத் தேதியைக் கேட்பார். "இன்னும் சொல்லல மா" என்பேன்.

விழா நாள் ஒரு சனிக்கிழமை. காலை ஏழு மணிக்கு நான் ஒற்றைக் காலில், கைகளைத் தலைக்குமேல் கூப்பி, மரம் போல நின்றுகொண்டிருந்தேன். கீழே வேன் ஒன்று விடாமல் ஹாரன் அடித்தது. சத்தத்தின்மீது பற்று வைக்காமல் நின்றேன். அப்புறம் குரல் வந்தது.

"ஏய் பட்டதாரி! எறங்கி வா! நாங்கல்லாம் வந்துட்டோம்!"

அப்பாவின் அக்கா, என் கிள்ளான் அத்தை. மரம் சாய்ந்தது.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். வேனுக்குள் பதினோரு பேர். பெண்கள் எல்லாருக்கும் ஒரே மயில்நீல நிறத்தில் சேலை. அத்தையின் கையில் பெரிய பூங்கொத்து. அதன் நடுவில் பட்டதாரிகள் போடும் கறுப்பு ஜூபா அங்கியும் தொப்பியும் அணிந்த ஒரு பொம்மைக் கரடி. அத்தையின் பக்கத்து வீட்டுப் பெண்ணும் என் பல்கலைக்கழகம்தான். தேதி அவள் மூலம் கசிந்திருந்தது.

கீழே இறங்கிப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்: "ரெண்டு பேருக்குத்தான் டிக்கெட்டு, மத்தவங்க மனசு சங்கடப்படுமேன்னுதானே மா சொல்லாம இருந்த? நான் சொல்லிட்டேன். நானும் அப்பாவும் உள்ள வரோம். இவங்கல்லாம் வெளிய பெரிய திரையில பாத்துக்குவாங்க."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. நான் சொன்னது: "ஏறுங்க மா, லேட்டாச்சு."

"ஜூபா எங்க?" என்றார் அத்தை.

"அங்க குடுப்பாங்க அத்த."

கவுண்டரில் எப்படியாவது பேசிச் சமாளித்துவிடலாம் என்று நம்பினேன். படித்தவளின் நம்பிக்கை.

செராஸைத் தாண்டிக் காஜாங் போகும் சாலையில் வேன் ஊர்ந்தது. நாசி லெமாக் தேங்காய்ச்சோற்றுப் பொட்டலங்கள் கைமாறின. "பசியாறிட்டியா? மேடையில மயங்கி விழுந்துடாத லா" என்று அத்தை என் வாயில் ஊட்டியே விட்டார். அம்மா ஒன்றும் சாப்பிடவில்லை. இந்த நாளுக்கு விடுப்பு கிடைக்காததால், தீபாவளிக்கு மறுநாள் வேலையைத் தானே பார்ப்பதாகச் சொல்லி ஒரு தோழியுடன் மாற்றிக்கொண்டாராம். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் மூச்சை நான்கு எண்ணி இழுத்து, நான்கு எண்ணி விட்டேன். சோற்றோடு இருந்த சம்பல் காரம் புரையேறியது.

மண்டப வாசலில் பதிவுக் கவுண்டர். உட்கார்ந்திருந்த மலாய் அக்கா பட்டியலை மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை பார்த்தார். "தாக் அடா, டேக்" என்றார். உன் பெயர் இல்லை தங்கச்சி.

எனக்கு முன்னால் அப்பா பாய்ந்தார். அப்பா பொதுவாக யாரிடமும் குரல் உயர்த்தாதவர். லோரியை யாராவது இடித்தாலே இவர்தான் மன்னிப்புக் கேட்பார். அன்று மலாயில் படபடவென்று பேசினார். கம்ப்யூட்டர் தப்புப் பண்ணியிருக்கும், மறுபடி பாருங்கள் என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "கவலப்படாதீங்க, சிஸ்டம் தப்பு லா. எம் மக படிச்சவ, அவ தப்பா போட்டிருக்க மாட்டா" என்றார்.

நான் தலையாட்டினேன். எத்தனையோ முறை இந்தக் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன். இந்தத் தலையாட்டலை மட்டும் எப்போதும் விட்டுவிடுவேன்.

அந்த அக்கா நல்லவர். உதவ நினைத்தார். கணினியில் என் பெயரைத் தேடி எடுத்தார். அவர் புருவம் உயர்ந்தது. பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். பிறகு அக்கா திரையை எங்கள் பக்கம் திருப்பி, "இது நீ எழுதியதுதானா?" என்று கேட்டு, என் ஆங்கில வாக்கியத்தை நிறுத்தி நிறுத்தி உரக்கப் படித்தார்.

"என்னா எழுதியிருக்கு?" என்றார் அத்தை.

அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. ஆனால் மேலே இருந்த 'தீடாக் ஹாடிர்' அவருக்குப் புரியும். மலாய் அவருக்கு என்னைவிட நன்றாக வரும்.

"வரமாட்டேன்னு போட்டிருக்கு. யாரு போட்டது?"

"நான்தான் மா."

"காரணம் என்னா எழுதியிருக்க?"

"பற்று இல்லைன்னு எழுதியிருக்கேன் மா."

அம்மா என் பக்கம் திரும்பினார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்:

"யாரு மேல மா?"

அப்பா அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன். வேன்காரர் பகல் இரண்டு மணிக்குத்தான் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தார். எனவே வெளியே போட்டிருந்த கூடாரத்தில், பிளாஸ்டிக் நாற்காலிகளில், மயில்நீல வரிசையாக உட்கார்ந்து பெரிய திரையில் ஊரார் பிள்ளைகள் பட்டம் வாங்குவதைப் பார்த்தோம். எங்கள் கூட்டத்தில் ஜூபா போட்டிருந்தது கரடி மட்டும்தான். அத்தை தமிழ்ப் பெயர் வந்தபோதெல்லாம் எழுந்து கைதட்டினார். ஒருமுறை பக்கத்தில் இருந்த ஒரு குடும்பம், "உங்க பிள்ளையா?" என்று கேட்டது. "எங்க பிள்ள இதெல்லாத்தையும் தாண்டிப் போயிடுச்சு" என்றார் அத்தை. எல்லாரும் சிரித்தார்கள். அப்பாகூடச் சிரித்தார்.

அம்மா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து, "உம் பேரு எப்ப வந்திருக்கும்?" என்று கேட்டார்.

"வோங்னு ஒரு பொண்ணு வரும் மா. அதுக்கு அடுத்து."

வோங் வந்தாள். பட்டச் சுருளை வாங்கிக்கொண்டு குனிந்து வணங்கினாள். அவள் நகர்வதற்குள் யாப் என்று ஒரு பையன் வந்துவிட்டான். இருவருக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கும் இடம்கூட இல்லை. அம்மா அந்த இடத்தைத்தான் பார்த்தார். யாப் மேடையை விட்டு இறங்கிய பிறகு, சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு, "சரி, போலாம்" என்று எழுந்தார்.

என்னுடைய ஒரு நாளைத்தான் விட்டுக்கொடுத்ததாக நினைத்திருந்தேன். அது அம்மாவின் நாள். அதைக் கேட்காமல் எடுத்துத் துறந்திருந்தேன்.

வெளியே படம் எடுக்கும் கடைகள் இருந்தன. பின்னால் புத்தக அலமாரி வரைந்த திரை, முன்னால் ஒரு நாற்காலி. வந்ததற்கு ஒரு படமாவது வேண்டும் என்று அப்பா பிடிவாதம் பிடித்தார். கடைக்காரரிடம் இரவல் கொடுக்க இருந்தது முனைவர்களுக்கான சிவப்பு ஜூபா ஒன்றுதான். அதை மாட்டிவிட்டார்கள். அம்மாவைக் கூப்பிட்டேன். "நீங்க எடுங்க, எனக்குக் கால் வலிக்குது" என்று கரடியை மடியில் வைத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்துவிட்டார். கால் வலி உண்மையாகவும் இருக்கலாம். தொழிற்சாலையில் நாள் முழுதும் நிற்கிற கால்.

அடுத்த வாரம் லீ மேயிடம் சொன்னேன். பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். "கான்வோவுக்கே போகலையா? ஏன்?"

"நீங்கதானே சொன்னீங்க."

"முழங்காலை வளைக்காதேன்னுகூடத்தான் வாரா வாரம் சொல்றேன். அதைக் கேட்டியா?" பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, தன் விழாவில் தான் தேம்பித் தேம்பி அழுததாகவும், தன் அப்பா நானூறு படம் எடுத்ததாகவும் சொன்னார்.

இது நடந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அந்தச் சிவப்பு ஜூபாப் படம் கிள்ளான் அத்தை வீட்டுக் கூடத்தில் பெரிதாகத் தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லாரும் என்னிடம் மூட்டுவலிக்கு மருந்து கேட்கிறார்கள். அந்த டாக்டர் வேறு, இந்த டாக்டர் வேறு என்று விளக்குகிறேன். நான் இரண்டுமே இல்லை என்பதைச் சொல்ல மட்டும் அத்தை விடுவதில்லை. சொந்தத்தில் யாராவது ஒரு கல்யாணத்துக்கு வராவிட்டால், "அவங்களுக்குப் பற்றில்லையாம்" என்கிறார்கள். சர்க்கரை நோய்க்காரரான அப்பா இரண்டாம் முறை சோறு கேட்டால், "இன்னும் பற்று போகலியா தம்பி?" என்று அத்தை கரண்டியை ஒளித்துவைக்கிறார். எல்லாரும் சிரிப்போம். நானும் சிரிப்பேன், சற்றுத் தாமதமாக.

அம்மா மட்டும் அந்த நகைச்சுவையை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. எங்கள் வீட்டுச் சுவரில், தொலைக்காட்சிக்கு மேலே, என் படத்துக்காக அவர் முன்கூட்டியே ஓர் ஆணி அடித்து வைத்திருந்தாராம். இதை அப்பாதான் சொன்னார். இப்போது அதில் நாள்காட்டி தொங்குகிறது.

போன மாதம் முதுகலைப் படிப்புக்குப் பதிந்துகொண்டேன். வேலையில் முன்னேற என்று அலுவலகத்தில் சொல்லியிருக்கிறேன். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அவர் மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"எத்தன வருஷம்?"

"ரெண்டு வருஷம் மா. முடிச்சதும் கான்வோ இருக்கு."

குழாயை மூடினார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"நீ மொதல்ல மேடையில ஏறி நின்னுக்கிட்டு எனக்கு போன் பண்ணு" என்றார். "அப்புறம் லீவு கேக்கறேன்."