பூஜ்ஜியம் எண் வாடிக்கையாளரின் சட்டைகள்

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

வணக்கம். இங்கு நான் நலம். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். கோடு போட்ட சட்டையில் பட்டறை வாசலில் நின்று நீங்கள் அனுப்பிய போட்டோ கிடைத்தது. புது மாப்பிள்ளை மாதிரி இருக்கிறீர்கள்.

"வாயத் திறக்காத பொண்ண எந்த ஆபீஸ்ல வேலைக்கு வெச்சுப்பாங்க?" என்று கேட்டீர்களே, வைத்துக்கொண்டார்கள். நேற்று வேலை நிரந்தரமானது. அதுவும் வாயைத் திறந்ததால்!

எங்கள் ஆபீஸ் ஒரு லாண்டரிக்கு ப்ரோகிராம் எழுதித் தருகிறது. எந்தத் துணி யாருடையது என்று அது சொல்ல வேண்டும். சில மாதமாகச் சட்டைகள் காணாமல் போய், லாண்டரி முதலாளி கொதித்துப்போயிருந்தார். அந்த நேரம் பார்த்து, நாங்கள் எழுதும் கணினி மொழிக்குப் புதிய பதிப்பு வந்தது. "ப்ரோகிராம யாரு புதுசுக்கு மாத்தித் தர்றீங்க?" என்று மேனேஜர் கேட்டபோது நான் ஹேர்க்ளிப்பைச் சரிசெய்யக் கையைத் தூக்கினேன். "சபாஷ்! உன் வேலை நிரந்தரமாகுமான்னு இதுலதான் பாக்கப்போறேன்" என்றார். இல்லை சார் என்று சொல்ல எனக்கு வாய் வந்தால்தானே!

புதிய பதிப்பைப் போட்டதும் திரை முழுக்கச் சிவப்பு எழுத்தில் பிழைகள். பழைய ப்ரோகிராமை எழுதிய சீனியருக்கு நாங்கள் வைத்த பெயர் 'தொடாதே அண்ணன்'. "பாத்தியாம்மா? தொடாதேன்னு அப்பவே சொன்னேன்ல" என்று டீயை உறிஞ்சினார். ஆனால் மாமா, அந்தச் சிவப்பைப் படிக்கப் படிக்க எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பழைய பதிப்பு 'தவறு' என்று மட்டும் சொல்லிவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். புதியதோ எந்த வரி, எந்தச் சொல் என்று அடிக்கோடு போட்டு, 'இதைத்தான் எழுத நினைத்தீர்களா?' என்று விசாரிக்கிறது. இந்த ஆபீஸில் என்னிடம் இவ்வளவு பொறுமையாக யாரும் பேசியதில்லை. வேகமும் கூடியிருக்கிறது. நீங்கள் பிரித்துப் பூட்டிய வண்டி மாதிரி முதல் உதையிலேயே கிளம்புகிறது.

கடைசியாக ஒரே ஒரு சிவப்பு மிச்சம். எண் துண்டு கிழிந்துபோன துணி வந்தால் யாருக்கு அனுப்புவது? பழைய பதிப்பு, எண் இல்லையென்றால் பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொண்டு கம்மென்று வேலையைப் பார்க்கும். புதியது 'இல்லாததும் பூஜ்ஜியமும் ஒன்றல்ல, என்ன செய்யட்டும்?' என்று நின்றுவிட்டது. பூஜ்ஜியம் எண் வாடிக்கையாளர் யாரென்று தேடினேன். ஆரம்பத்தில் சோதனைக்காகப் பதிந்த பெயரும் முகவரியும் எங்கள் மேனேஜருடையவை!

மறுநாள் லாண்டரி முதலாளி வந்து, "நான் வேற ஆளப் பாத்துக்கறேன்" என்று எழுந்தேவிட்டார். "சார், சட்டையெல்லாம் நம்ம மேனேஜர் சார் வீட்டுல இருக்கு" என்றேன். அந்தக் குரல் எனக்கே புதிது. மேனேஜர் திருதிருவென்று விழித்தார்.

"அடிக்கடி வருமே... நீங்க அன்பளிப்பா அனுப்புறீங்கன்னுல்ல நெனச்சேன்!"

முதலாளி, மேனேஜர் போட்டிருந்த சட்டையைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவேயில்லை. "இந்தப் பொண்ணு இருக்கற வரைக்கும் உங்ககிட்டதான் வேலை" என்றார். தொடாதே அண்ணன் எனக்கு டீ வாங்கிவந்தார் மாமா!

இனி உங்கள் மருமகள் எந்தச் சபையிலும் நிமிர்ந்து பேசுவாள். அத்தைக்கு என் வணக்கம். பட்டறைக்கு வரும் வண்டியெல்லாம் ஒரே உதையில் கிளம்பட்டும்.

இப்படிக்கு,
வாய் திறந்த மருமகள்

பி.கு.: மாமா, போட்டோவில் நீங்கள் போட்டிருக்கும் சட்டை, "எனக்குத் தொளதொளன்னு இருக்கு, உங்க மாமாவுக்குக் குடும்மா" என்று மேனேஜர் தந்தது. அவர் அதை மறந்தே போனார். மற்றதெல்லாம் திரும்பிவிட்டது, இது ஒன்றைத்தான் முதலாளி இன்னும் தேடுகிறார். அவருடைய சொந்தச் சட்டையாம். "அது யார்கிட்ட இருக்குன்னு தெரியுமா?" என்று இன்று காலை எல்லார் முன்னாலும் கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. ஹேர்க்ளிப்பைச் சரிசெய்தேன். "சபாஷ், நீயே கண்டுபிடிச்சுக் குடும்மா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கிரீஸ் பட்டிருந்தால் அத்தையிடம் கொடுத்து எடுத்துவிட்டு, உடனே அனுப்பிவையுங்கள்.