எனக்கு விழுந்த ஒரேயொரு வாக்கு

பொறாமை கெட்ட குணம் என்று பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியவள் நான். அது இரண்டாம் பரிசு. முதற்பரிசு வாங்கியவள்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

ஆனால் அவளெல்லாம் மலருக்குக் கிட்டவும் வரமாட்டாள். நீர்வேலியில் எங்கள் வளவுக்கு அடுத்த வளவு மலருடையது. நடுவே கிடுகுவேலி, அதில் ஆள் புகுந்துபோக ஒரு பொட்டு. நான் எழும்பி முகம் கழுவுவதற்குள் அவள் முற்றம் கூட்டி, மாடு கறந்து, வாழைக்குத் தண்ணீர் கட்டி முடித்திருப்பாள். என் கோழிகள்கூட அவளுடைய வைக்கோலில்தான் முட்டையிடும். அவள் அவற்றைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து தருவாள். ஒரு முட்டையையாவது களவெடுத்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

என் கணவர் வேறு, தேத்தண்ணிக் கோப்பையுடன் வேலியோரம் நின்று எண்ணெய் ஊற்றுவார். "இஞ்சாரும், மலரின்ரை பாகல் பந்தலைப் பாத்தனீரே? நாங்களும் இருக்கிறம்." (அந்த 'நாங்களும்' என்பது நான் ஒருத்திதான்.)

ஏழெட்டு வருஷத்துக்கு முன் எங்கள் மாதர் சங்கத் தலைவி, மகளின் பிள்ளைப்பேறு பார்க்கக் கனடாவுக்கு வெளிக்கிட்டார். புதிய தலைவி வேண்டும். கூட்டத்தில் யாரோ மலரின் பெயரைச் சொன்னார்கள். முற்றம், மாடு, பாகல் எல்லாம் போதாதென்று இதுவுமா? அவள் வாய் திறப்பதற்குள் நான் எழும்பி நின்றிருந்தேன். "நானும் தலைவிக்குக் கேக்கிறன்." சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. பத்து நாளில் தேர்தல் என்று முடிவாயிற்று.

பின்னேரம் பின்னேரமாக வீடு வீடாகப் போனேன். போன வீடெல்லாம் மலரின் கைச்சரக்கு. ஒரு வீட்டில் அவள் கொடுத்த கத்தரி நாற்று, இன்னொரு வீட்டில் அவள் மாட்டின் எரு. அங்கே நின்று 'எனக்குப் போடுங்கோ' என்று கேட்க நா எழவில்லை. அதனால் பெருந்தன்மையாக ஒன்று சொன்னேன். "ஆருக்குப் போடோணும் எண்டு நான் சொல்லமாட்டன். மனச்சாட்சிப்படி போடுங்கோ." (மலருக்குப் போடாதே என்பதுதான் அதன் பொருள். அது எனக்கு மட்டுமே தெரிந்திருந்தது என்பது பிறகு வந்த விளக்கம்.) எல்லாரும் "ஓமோம், உமக்குத்தான்" என்றார்கள். பதினெட்டுப் பேரின் வாக்குறுதியை எண்ணி வைத்திருந்தேன். சங்கத்தில் மொத்தம் முப்பத்தொரு பேர், பதினெட்டு தாராளம்.

அந்தப் பத்து நாளும் என் முற்றத்தில் சருகு கணுக்கால் வரை ஏறியது. குழை கேட்டு ஆடு கத்தியபடி நின்றது. நிறைமாத மறியாடு. தேர்தலன்று காலையில் அது ஒன்றும் தின்னவில்லை, காலால் நிலத்தை விறாண்டியது. ஆடு வளர்க்கிற யாருக்கும் அது என்னவென்று விளங்கும். எனக்கும் விளங்கியிருக்க வேண்டும். நானோ அது கோபித்துக்கொண்டு நிற்கிறது என்று நினைத்து, உள்ளே போய்க் கண்ணாடி முன்னால் பேச்சைப் பாடமாக்கினேன்.

இரண்டு மணிக்கு மாம்பழ நிறச் சேலையுடன் வெளியே வந்தால், மரத்தில் கயிறு மட்டும் தொங்குகிறது. பொட்டால் எட்டிப் பார்த்தேன். மலரின் கீரைப்பாத்தியைத் துவைத்துவிட்டு அதன் நடுவில் என் ஆடு படுத்திருந்தது. பக்கத்தில் ஈரத்தோடு ஒரு குட்டி. இரண்டாவது குட்டி கால் மடிந்து சிக்கியிருக்க, மலர் கையில் தேங்காயெண்ணெய் பூசி அதை மெல்ல வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சை வராதையும், சீலை ஊத்தையாப் போம்" என்றாள் நிமிராமலே. "மூத்தது மறிக்குட்டி. நீர் கூட்டத்துக்கு வெளிக்கிடும். இளங்கொடி விழுமட்டும் நான் நிக்கிறன். விட்டால் ஆடு திண்டுபோடும்."

நான் போனேன். (எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் போனேன்.) போகிற வழியில் எனக்கு நன்றி வந்ததா என்றால், இல்லை. என் ஆடுகூட அவளிடம் போய்த்தான் ஈன்றிருக்கிறதே என்ற எரிச்சல்தான் வந்தது.

முன்பள்ளி மண்டபத்தில் கூட்டம். என் பேச்சில் மனச்சாட்சி ஏழு தரம் வந்தது. முடிக்கும் நேரத்தில் மலர் ஈரத் தலையோடு வந்து பின்வரிசை வாங்கில் இருந்தாள். அவளையும் பேசச் சொன்னார்கள். எழும்பி நின்று என்னைப் பார்த்து, "கொடி விழுந்திட்டுது. குட்டியள் பால் குடிக்குதுகள்" என்றாள். பிறகு இருந்துவிட்டாள். அவ்வளவுதான் அவளுடைய தேர்தல் உரை.

பிரதேச செயலகத்திலிருந்து வந்திருந்த உத்தியோகத்தர் ஆளுக்கொரு துண்டுக் கடுதாசி தந்தார். பெயரை எழுதி வெறும் பிஸ்கட் பேணிக்குள் போட வேண்டும். பத்து நாளாக ஊருக்கெல்லாம் சொன்ன சொல், கடைசியில் சொன்னவளையே பிடித்துக்கொண்டது. 'மலர்' என்று எழுதினேன். கடுதாசி கிழியும்படி அழுத்தித்தான் எழுதினேன். எனக்குத்தான் பதினெட்டு இருக்கிறதே, ஒன்று போனால் என்ன என்ற துணிச்சலும் இருந்தது.

மலருக்கு முப்பது. எனக்கு ஒன்று.

மண்டபமே என்னைத் திரும்பிப் பார்த்தது. பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "பாவம், தனக்குத் தானே போட்டிருக்கு."

அது நான் போட்டதல்ல என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் நான் யாருக்குப் போட்டேன் என்ற கேள்வி வரும். வாயை மூடிக்கொண்டேன்.

பொழுதுபடும் நேரம் மலர் இரண்டு குட்டிகளையும் தூக்கிக்கொண்டு பொட்டால் வந்தாள். தாயாடு பின்னால் வந்தது.

"அந்த ஒண்டு நான் போட்டது" என்றாள். "பத்து நாளா அலைஞ்சனீர். உமக்கு உது எவ்வளவு ஆசை எண்டு தெரிஞ்சுது. எனக்குக் கூட்டத்திலை கதைக்கிறதெண்டாலே நடுக்கம்."

பிறகு அவளுடைய கண்ணில் கணக்கு ஓடுவதைப் பார்த்தேன். எனக்கு விழுந்த ஒன்று அவளுடையது. மிச்சம் முப்பதும் அவளுக்கு. அப்படியென்றால் என்னுடையதும் அதற்குள்தான்.

"அப்ப நீர் எனக்கே போட்டனீர்?"

உலகத்தில் யாருக்குத் தெரியக்கூடாதோ அவளுக்கு மட்டும் தெரிந்துவிட்டது. நிலம் பிளந்து என்னை விழுங்கவில்லை. குட்டி என் மாம்பழச் சேலையைச் சப்பியது.

"சனம் உம்மைப் பாத்துச் சிரிக்குது. நான் சொல்லிவிடட்டே?"

"வேண்டாம். சொன்னீரெண்டால் இந்தப் பொட்டை அடைச்சுப்போடுவன்."

அவள் தலையாட்டினாள். இன்றுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டிருப்பதிலும் அவளை என்னால் வெல்ல முடியாது.

அன்றிலிருந்து ஊரில் நான் தனக்குத் தானே போட்டவள்தான். போன உள்ளூராட்சித் தேர்தலில், வரிசையில் நிற்கும்போது என் கணவர் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "இஞ்சாரும், இந்தச் சீட்டிலை உம்மடை பேர் இல்லை. என்ன செய்யப்போறீர்?" வரிசை முழுவதும் சிரித்தது. எனக்கு மூன்று பேர் முன்னால் நின்ற மலர் மட்டும் சிரிக்கவில்லை. திரும்பி, சொல்லட்டுமா என்பதுபோல என்னைப் பார்த்தாள். நான் இல்லையென்று தலையாட்டிவிட்டு, எல்லாரோடும் சேர்ந்து சிரித்தேன். அவளும் ஒருதரம் சிரித்திருந்தால் அவளை நான் மன்னித்திருப்பேன்.