அப்பா வருகிற இடத்தில் திரை கறுப்பாக இருக்கிறது

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தானும் என் மகளும் சௌக்கியம். நீ வாங்கி அனுப்பிய புதுக் கம்ப்யூட்டர் மட்டும் சௌக்கியமில்லை. உன் வீட்டில் எல்லாரும், எல்லா மின்சாதனங்களும் நல்லபடியாக இருக்க வேண்டுகிறேன்.

ஃபோன் செய்யாமல் ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பாய். போன தடவை ஃபோனில் நீ, "அக்கா, திரையில என்ன வருதோ அப்படியே படி" என்றாய். படித்தேன். "அதுக்கு மேல என்ன இருக்கு?" என்றாய். பார்த்து, "காலண்டர்" என்றேன். நீ சிரித்த சிரிப்பில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன். அதுவும் இந்தக் கம்ப்யூட்டரிலேயே தட்டிக்கொண்டிருக்கிறேன். அதைப்பற்றி அதனிடமே உட்கார்ந்து குறை சொல்வது மாமியார் காதுபட மாமியாரைப் பேசுவது மாதிரி இருக்கிறது. நடுநடுவே அது ஒரு பெருமூச்சு வேறு விடுகிறது.

விஷயம் இதுதான். அம்மா சனிக்கிழமை வருகிறாள். திங்கட்கிழமை கண் ஆபரேஷன். டாக்டரிடம் நேராகவே கேட்டேன். "பார்வை திரும்பலாம், இருக்கறதும் குறையலாம், செஞ்சு பாத்தாதான் தெரியும்" என்று, மழை வருமா என்று கேட்டவளுக்குப் பதில் சொல்வதுபோல் சொல்லிவிட்டார். அம்மா கலங்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அதுக்கு முன்னாடி உங்கப்பா வர்ற படத்தை ஒரு தடவை பாத்துடறேன்டி." உனக்குத் தெரியாத கதை இல்லை, ஆனாலும் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குப் படபடப்பு அடங்கும். அப்பா வேலை பார்த்த ரயில்வே ஸ்டேஷனில் அந்தப் படத்தை எடுத்தார்கள். கதாநாயகி பிளாட்பாரத்தில் நின்று அழுகிறாள், அவளுக்குப் பின்னால் குடையும் பையுமாக ஒரு ஆள் விறுவிறுவென்று நடந்து போகிறார், முதுகு மட்டும்தான் தெரியும். அதுதான் அப்பா. நம் வீட்டில் வேறு யாரும் சினிமாவில் நடித்ததில்லை என்பதால் அந்த முதுகுக்கு அவ்வளவு மரியாதை. போட்டோக்களில் அப்பா எப்போதும் தூணோடு தூணாக விறைத்துக்கொண்டு நிற்பார். அவர் நடக்கிற மாதிரி நம்மிடம் இருப்பது இது ஒன்றுதான். அந்தப் படத்தின் டிஸ்க் இங்கே எங்கு தேடியும் கிடைக்காமல், நீ உன் ஊரில் ஏதோ பழைய டிஸ்க் கடையில் குடைந்தெடுத்து, கம்ப்யூட்டரோடு சேர்த்து அனுப்பினாய். புண்ணியவான். இனி நடந்ததைக் கேள்.

பெட்டியைப் பிரித்து, மேசையில் வைத்து, ஒயரெல்லாம் சொருகி, பொத்தானை அமுக்கியதும் டிஸ்க் வைக்கிற தட்டு நாக்கை நீட்டுவதுபோல் வந்தது. உன் அத்தான் இரண்டு கையாலும் டிஸ்கை ஏந்தி வைத்தார். உள்ளே போனது. சுற்றியது. நின்றது. 'இதை இயக்கத் தேவையான செயலி இல்லை' என்று எழுத்து வந்தது. சினிமா டிஸ்க் போட வழி வைத்துவிட்டு, சினிமா பார்க்க வழி வைக்காமல் விட்டிருக்கிறார்கள். வாசற்படி கட்டிய கையோடு கொத்தனார் ஊருக்குப் போய்விட்ட மாதிரி. உன் அத்தான் அந்த எழுத்தை நம்பவில்லை. "அழுக்கா இருக்கும்" என்றார். அவர் ஆபீசில் யாரோ, டிஸ்கைப் பற்பசை போட்டுத் தேய்த்தால் கீறலெல்லாம் போய்விடும் என்று சொல்லியிருக்கிறார்களாம். நான் துணி மடித்துவிட்டு வருவதற்குள் குளியலறையில் டிஸ்க்குப் பல் விளக்கியாகிவிட்டது! நான் கத்தின கத்தலில் குழாயைக்கூட மூடாமல் வெளியே வந்தார். டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை, கடவுள் காப்பாற்றினார். ஆனால் அன்றிலிருந்து அது சுற்ற ஆரம்பித்தாலே கூடம் முழுக்கப் புதினா வாசனை.

அப்புறம் செயலி தேடினோம். தேடினோம் என்ன, அவர்தான் தேடினார். கேட்ட கேள்விக்கெல்லாம் படிக்காமலேயே 'சரி', 'சரி', 'சரி' என்று அமுக்கிக்கொண்டே போனார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னிடம் ஒரு தடவைகூட இவ்வளவு சுலபமாகச் சரி சொன்னதில்லை. ஒரு செயலியைக் கூப்பிட்டதற்கு அது தன் சொந்தபந்தங்களையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஒன்று, நாங்கள் கேட்காமலேயே ஏதோ ஒரு பனிப்பிரதேசத்தின் தட்பவெப்பம் சொல்கிறது. இன்னொன்று, 'உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கிறது' என்று சிவப்பில் மின்னி மின்னி அலறுகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு டாக்டர் ஞாபகம் வந்தது. என் மகள் காலேஜிலிருந்து வந்து, தலையில் அடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக வெளியே தள்ளினாள். "அப்பா, இனிமே மவுஸைத் தொட்டீங்க, நான் ஹாஸ்டலுக்குப் போயிடுவேன்" என்றாள். "போறதுக்கு முன்னாடி இதைச் சரிபண்ணிட்டுப் போ" என்றார் அவர்.

சரியான செயலியும் வந்தது. நிம்மதி என்று உட்கார்ந்தால், அப்போது வந்ததடா அந்தக் கேள்வி. 'நீங்கள் எந்த மண்டலத்தைச் சேர்ந்தவர்?' உலகத்தையே கூறுபோட்டு, ஒரு கூறில் விற்ற சினிமா இன்னொரு கூறில் ஓடாதபடி பண்ணி வைத்திருக்கிறார்களாம். அதுமட்டுமில்லை, மண்டலத்தை மொத்தம் ஐந்து தடவைதான் மாற்றலாம், அப்புறம் கடைசியாகச் சொன்னதே நிரந்தரம் என்று கீழே பொடி எழுத்தில் இருந்தது. நான் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறந்தது ஒரு வீடு, வாழ்க்கைப்பட்டது ஒரு வீடு, இடம் மாறி இடம் மாறி இப்போது இருப்பது ஒரு வீடு. நீ எந்த இடத்துக்காரி என்று யாரும் என்னை இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. பதில் யோசித்துக்கொண்டு இருந்தேனா, அதற்குள் உன் அத்தான் எங்கள் மண்டலத்தை அமுக்கிவிட்டார். டிஸ்க் மாட்டேன் என்றது. பக்கத்து மண்டலத்தை அமுக்கினார். மாட்டேன் என்றது. "எல்லாத்தையும் வரிசையா பாத்துடலாம், ஒழுங்கா செய்யணும்" என்று மூன்றாவதையும் அமுக்கினார். ஒழுங்காகச் செய்கிற மனிதரிடம் வாழ்க்கைப்பட்டவளுக்குத்தான் அந்தப் பயம் தெரியும். கையைப் பிடித்துத் தடுத்து, டிஸ்க் வாங்கிய உன் ஊரின் மண்டலத்தை நாலாவதாக அமுக்கவைத்தேன். ஓடியது!

ஓடியது என்றால், சத்தம் மட்டும். திரை முழுக்கக் கறுப்பு. ரயில் கூவுகிறது, கதாநாயகி அழுகிறாள், யாரோ ஓடுகிறார்கள், கதவு அறைகிறது. ஒரு மண்ணும் தெரியவில்லை. கம்ப்யூட்டர் விற்றவர்களின் உதவி எண்ணுக்கு ஃபோன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள்.

"மேடம், மானிட்டர் ஆன்ல இருக்கா?"

"இருக்கும்மா. மத்ததெல்லாம் தெரியுது. சினிமா மட்டும் கறுப்பு."

"சரி மேடம், ஒருவேளை ராத்திரிக் காட்சியா இருக்குமோ?"

"படம் முழுக்கவா?"

"அப்படியும் எடுக்கறாங்க மேடம் இப்பல்லாம்."

ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னாள். பண்ணினேன். ஒயரைப் பிடுங்கிச் சொருகச் சொன்னாள். பின்னால் இருந்ததையெல்லாம் பிடுங்கிச் சொருகினதில் ஃபிரிட்ஜ் அணைந்துபோனது. கடைசியில் தாங்கமுடியாமல் அம்மா கண் விஷயம், அப்பா முதுகு விஷயம் எல்லாவற்றையும் அந்தப் பெண்ணிடம் கொட்டிவிட்டேன். "உங்கப்பா எந்த சீன்ல மேடம் வராரு?" என்று கேட்டாள். சொன்னேன். "அந்தப் படம் நான் பாத்திருக்கேன் மேடம். குடை வச்சிருப்பாரே, அவரா?" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. முன்பின் தெரியாத ஒருத்திக்கு அப்பாவைத் தெரிந்திருக்கிறதே! "வேற யார்கிட்டயாவது கேட்டுட்டுக் கூப்பிடறேன்" என்றாள். இன்னும் கூப்பிடவில்லை.

இப்போது வீட்டில் இரண்டு கட்சி. என் மகள், "மண்டலத்துக்கும் கறுப்புக்கும் சம்பந்தமே இல்லை, வேற ஏதோ கோளாறு" என்கிறாள். உன் அத்தான், "பாதி ஒத்துக்கிட்டதாலதான் பாதி வருது, இன்னொரு தடவை மாத்தினா முழுசா வரும்" என்கிறார். மிச்சமிருப்பது ஒரே தடவை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல வழியில்லாத ஒரு பொத்தானை இப்போதுதான் பார்க்கிறேன். தப்பாக அமுக்கினால் சத்தமும் போச்சு. அம்மா வந்து கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, தன் கண்தான் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டால்? தம்பி, அந்த நினைப்பு வந்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அமுக்காமல் இப்படியே விட்டாலும் இன்னொரு யோசனை. என் கூடத்தில், என் மேசையில் இருக்கிற இந்தப் பெட்டி உன் ஊரில் இருப்பதாக நினைத்துக்கொண்டே காலம் தள்ளப்போகிறது. நீ இங்கிருந்தபடி அங்கே இருந்த மாதிரி. கோபித்துக்கொள்ளாதே, சும்மா தோன்றியது.

ஆகவே கேட்கிறேன். ஐந்தாவது தடவை 'சரி' அமுக்கலாமா, கூடாதா? ஒரு வார்த்தை எழுது. முடிந்தால் லீவு போட்டுவிட்டு நேரிலேயே வா. முடியாது என்று தெரியும், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன். சனிக்கிழமைக்கு முன்னால் பதில் வரவில்லையென்றால் உன் அத்தானின் விரலை என்னால் எவ்வளவு நேரம் பிடித்துவைக்க முடியும் என்று எனக்கே நம்பிக்கை இல்லை.

உன் மனைவிக்கு என் அன்பு. குட்டிப்பயலுக்கு அத்தையின் முத்தங்கள், கன்னத்துக்கு ஒன்றும் இரண்டும் இல்லை, வலிக்கிற வரைக்கும். நீங்கள் எல்லாரும் நோய்நொடி இல்லாமல், தொட்டதெல்லாம் முதல் தடவையே வேலைசெய்து, நன்றாக இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
உன் ஊர் மண்டலத்தில் தற்காலிகமாகக் குடியிருக்கும்
அக்கா

பின்குறிப்பு: இதை அனுப்புவதற்குள் வாசலில் ஆட்டோ. அம்மா! "சனிக்கிழமை கூட்டமா இருக்கும்டி, அதான் இன்னிக்கே வந்துட்டேன்" என்று பையை வைத்தாள், நேராகக் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தாள், "போடு" என்றாள். உன் அத்தான் பயந்துபோய்ச் சமையல்கட்டில் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிட்டார். "அம்மா, உன் கண் நல்லாதான் இருக்கு, திரைதான் கறுப்பு" என்று முதலிலேயே சொல்லிவிட்டுப் போட்டேன். புதினா வாசனை வந்தது. ரயில் கூவியது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கதாநாயகியின் அழுகை வந்ததும் அம்மா முகத்தில் ஒரு சிரிப்பு. நான் அழாக்குறையாக, "மன்னிச்சுக்கோம்மா, அப்பா வர்ற இடம் தெரியவே மாட்டேங்குது" என்றேன். "தெரிஞ்சா மட்டும் என்ன? அது உங்கப்பா இல்லையே" என்றாள்.

அப்பாவைப் பச்சைக்கொடி காட்டச் சொல்லி எடுத்தார்களாம். படம் வந்தபோது அதை வெட்டிவிட்டிருந்தார்கள். தியேட்டரில் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்தக் குடைக்காரர் வந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தான்! நான்தான்!" என்று சொல்லியிருக்கிறார் அப்பா. "முதுகு தெரியாதாடி எனக்கு? எத்தனை வருஷம் அந்த முதுகுக்குப் பின்னாடியே நடந்திருக்கேன். அவர் குடையை அக்குள்ல இடுக்கிக்குவார், கையில பிடிக்கவே மாட்டார். ஆனா சொல்றப்போ அவர் மூஞ்சியைப் பாக்கணுமே! திரையை யார் பாத்தா, நான் அவரைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். இந்த அழுகைச் சத்தம் கேட்டா அந்த மூஞ்சி வந்துடும். அதுக்குத்தான் கேட்டேன்" என்றாள். கண்ணைத் திறக்கவேயில்லை.

அந்த நேரம் பார்த்து என் மகள் மானிட்டர் ஒயரை வேறொரு துளையில் மாற்றிச் சொருகினாள். அவ்வளவுதான் கோளாறு, அந்த இடத்தையே திரும்பப் போட்டதும் படம் பளிச்சென்று வந்துவிட்டது. நடந்தது எதுவும் தெரியாத உன் அத்தான் சோப்புக் கையோடு ஓடிவந்து, "மாமா! மாமா வர்றார்! அத்தை, பாத்தீங்களா, மாமா!" என்று குதித்தார். அம்மா கண்ணைத் திறந்து, திரையை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். "ஆமா மாப்பிள்ளை, அவரேதான்" என்றாள்.

ஆகவே மேலே கேட்டது எதற்கும் பதில் எழுதவேண்டாம். குட்டிப்பயலுக்கு அந்தப் படத்தைக் காட்டினால், குடையோடு போகிறவர் தாத்தா என்றே சொல். அந்த உதவி எண் பெண் இப்போதுதான் கூப்பிட்டாள். "உங்கப்பா தெரிஞ்சாரா மேடம்?" என்று கேட்டாள். தெரிந்தார் என்று சொல்லிவிட்டேன்.