மாமியின் முதுகும் நீட்டு ஸ்பிரிங்கும்

கலியாணம் முடித்து இத்தனை வருடத்தில் சுஹைர் தன் மனைவி ஸும்ராவிடம் ஒரு பொய்கூட வெற்றிகரமாகச் சொன்னதில்லை. சொல்லாமல் விட்டவனல்ல. சொன்னதெல்லாம் பாதி வழியில் பிடிபட்டுப்போனது. இந்த முறை அப்படி ஆகக் கூடாது என்று, கற்பிட்டிக் கடற்கரையில் உப்புக்காற்று சாட்சியாக நின்று, உறுதி எடுத்துக்கொண்டான்.

எல்லாம் அவனுடைய ஜீப்புக்காக. கிழட்டு ஜீப். கூரையைக் கழற்றி, பெரிய டயர் போட்டு, முகத்தில் லைட்டுக்கு மேல் லைட் பூட்டி, பார்க்கிறவர் ஒதுங்கிப் போகும்படி செய்துவைத்திருந்தான். ஆனால் போன வருடம் கந்தக்குழி மணல்மேட்டில் நடந்த ஜீப் ஓட்டத்தில் அது முதல் மேட்டிலேயே பின்சக்கரம் ஒன்றை ஆகாயத்தில் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டது. மதில் ஓரத்து நாய் நிற்குமே, அப்படி. ஓட்டத்தை நடத்தி, தானும் ஓடுகிறவன் நஜாத். சுஹைரின் கூட்டாளி, அதனாலேயே எதிரி. அந்தக் கோலத்தைப் படம் பிடித்து ஊரிலுள்ள போனுக்கெல்லாம் அனுப்பிவைத்துவிட்டான்.

குற்றம் பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டைகளில். கட்டை. அதோடு விறைப்பு. சக்கரத்தைப் பள்ளத்துக்குள் இறங்க விடாது. நீட்டுப் பட்டை போட்டால் சக்கரம் மண்ணை விடாது. மேடு கடந்து, கடல் ஓரத்து முடிவிடத்துக்கு முதலாவதாகப் போய், திரும்பி நின்று நஜாத்தின் முகத்தைப் படம் பிடிக்கலாம். சுஹைருக்கு உலகத்தில் வேறு ஆசை இல்லை.

ஆனால் அவன் இருப்பது மாமி வீடு. அந்தப் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் குடியிருக்க வேண்டும். வீடு மாமியுடையது. ஜீப் நிற்கும் முற்றமும், அதற்கு நிழல் தரும் வேம்பும் மாமியுடையவை. ஜீப்புக்கு இனி ஓர் ஆணிகூட வாங்கக் கூடாது என்று ஸும்ரா சட்டம் போட்டிருந்தாள். யோசித்து யோசித்து அந்தச் சட்டத்தில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தான் சுஹைர். ஓட்டையின் பெயர் ஹவ்வா உம்மா. அதாவது மாமி.

"ஸும்ரா, மாமிட முதுகை நினைச்சா எனக்கு நித்திரையே வருகுதில்ல."

குசினியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த ஸும்ராவின் கத்தி நின்றது.

"உம்மாட முதுகுக்கு என்ன?"

"புத்தளத்துக்குப் போய் வந்தமே, ஜீப்பால இறங்கக்குள்ள எப்பிடிப் பிடிச்சிட்டு இறங்கினாங்க எண்டு பார்த்தியா? எல்லாம் அந்தப் பின் ஸ்பிரிங் செஞ்ச வேலை. குலுக்கி எடுக்குது. நீட்டு ஸ்பிரிங் போட்டமெண்டா தொட்டில்ல போற மாதிரி இரிக்கும்."

சுஹைர் ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்துக்கொண்டான். வெடி ஒன்றும் வெடிக்கவில்லை.

"தொட்டில் மாதிரியா? பின்னுக்கு இரிக்கிறது ஆடாதா?"

"பின்னுக்கு இரிக்கிறவங்க அசையவே மாட்டாங்க."

ஸும்ரா பெருமூச்சு விட்டாள். "நீங்க சொன்ன பொறகுதான் விளங்குது. உம்மா இப்ப படுத்து எழும்பக்குள்ள முனகுறா. இதாலதான் போல."

மாமி முனகிச் சுஹைர் கேட்டதே இல்லை. மாமி அதட்டித்தான் கேட்டிருக்கிறான். தான் பெற்ற பொய் தவழாமலே எழுந்து நடப்பதைப் பார்த்து அவன் பூரித்துப்போனான்.

"உம்மாட விசயம். தள்ளிப்போட ஏலா," என்றாள் ஸும்ரா. "வாங்க, நானும் வாறன். நல்லதாப் பார்த்து எடுப்பம்."

மதுரங்குளியில் பழைய வாகனங்களைப் பிரித்து விற்கும் மார்க்கண்டு, உடப்பு ஊர்க்காரர். இரண்டு சோடிப் பட்டைகளை இழுத்துப் போட்டார்.

"இது உங்கட பட்டையை விட நாலு விரல் நீளம், தம்பி. பெரிய வேலை இல்லாமப் பூட்டலாம். மற்றது ஒரு சாண் நீளம். நல்லா வளைஞ்சு குடுக்கும். ஆனா பட்டை கொழுவுற இடத்தை வெட்டிப் பின்னுக்குத் தள்ளி ஒட்டவேணும்."

வெட்டுவது என்றதும் சுஹைர் முதல் சோடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "நாலு விரல் போதும் அண்ணன்."

"ஒரு சாணையே எடுங்க," என்றாள் ஸும்ரா.

"அதுக்கு ஜீப்பை வெட்டோணும் புள்ள!"

"உம்மாட முதுகை விட உங்களுக்கு இரும்பு பெரிசா?" அவள் மார்க்கண்டுவிடம் திரும்பினாள். "பட்டை கூட அடுக்கினா விறைக்கும்தானே? இதில ஒண்டைக் கழட்டினா என்ன?"

"கழட்டலாம் தங்கச்சி. மெத்தெண்டு வரும். பாரம்தான் கனக்க ஏத்த ஏலாது. நாலு பேர்ட பாரம் தாங்கும்."

"மாமி நாலு பேர்ட பாரம் வராது," என்று சிரித்தான் சுஹைர்.

"பாரத்தை நான் பார்த்துக்கொள்றன்," என்றாள் ஸும்ரா.

அதோடு விடவில்லை. மார்க்கண்டுவின் சொந்த ஜீப்பில் அதே மாதிரிப் பட்டை இருந்தது. கோப்பை முட்டப் பிளேன்டீ வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டு அதன் பின்சீட்டில் ஏறினாள். முற்றத்துப் பள்ளங்களில் எல்லாம் விழுத்தி எடுத்து ஒரு சுற்று ஓட்டச் சொன்னாள். இறங்கியதும் கோப்பையைப் பார்த்தாள். பாவாடையைப் பார்த்தாள். "சரி" என்றாள். பெற்ற தாய்மேல் இப்படியும் ஒரு பாசமா என்று சுஹைர் வியந்தான். பொய் சொன்னது கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. அந்த வெட்கம் ஸ்பிரிங்கைக் கட்டி ஏற்றும் வரைக்கும்தான்.

பட்டை பூட்டி முற்றத்தில் நின்ற ஜீப் ஒரு முழம் வளர்ந்தது போலிருந்தது. ஹவ்வா உம்மா வந்து பார்த்தா. "இதுக்கு ஏணி வேணும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டா.

"மாமி ஏறல்லையே," என்றான் சுஹைர்.

"முதுகு சுகமானதும் ஏறுவா," என்றாள் ஸும்ரா. முதுகுக்காகச் செய்த ஜீப் முதுகு சுகமாகும்வரை காத்திருப்பதில் அவனுக்கு ஒரு பிழையும் தெரியவில்லை.

பௌர்ணமி விடுமுறையான போயா தினம் வந்தது. ஓட்ட நாள். சுஹைர் இரண்டாம் பொய்யை அவிழ்த்தான்.

"புது ஸ்பிரிங் படியோணும். கொஞ்சம் மணல்ல ஓட்டிட்டு வாறன்."

"போய்ட்டு வாங்க. பின்னுக்கு ஒரு சாமானும் போடாதீங்க, இடம் வேணும்."

எதற்கு இடம் என்று கேட்கக்கூட அவன் நிற்கவில்லை.

கந்தக்குழியில் ஜீப்புகள் உறுமிக்கொண்டு வரிசையில் நின்றன. நஜாத் ஒவ்வொன்றுக்கும் நம்பர் ஒட்டிக்கொண்டு வந்தான். சுஹைரைத் தாண்டிப் போய் அடுத்த ஜீப்புக்கு ஒட்டினான்.

"டேய், என்ட நம்பர்?"

"சாப்பாட்டு வண்டிக்கு நம்பர் இல்ல மச்சான்."

"எந்தச் சாப்பாட்டு வண்டி?"

"வீட்ல சொல்லல்லையா? நோன்பு முடிஞ்ச கையோட ஸும்ரா ராத்தா வந்து இந்த முறைச் சாப்பாட்டைத் தான் பொறுப்பெடுக்கிறதாச் சொன்னாங்க. போன முறை மணல்ல கொண்டு போய்ச் சேர்க்கக்குள்ள இனிப்புக்கு வச்ச வட்டிலப்பம் எல்லாம் கூழாப் போச்சு, ஞாபகம்தானே? இந்த முறை ஒண்டும் சிந்தாதாம். ஜீப் வீட்ல இரிக்காம், ஸ்பிரிங் மாத்தினாச் சரியாம். நானாக் கேட்டா மாட்டேம்பாரு, அவரே வந்து கேப்பாரு, பார்த்துட்டு இரிக்கேன் எண்டாங்க."

நோன்பு முடிந்தபோது சுஹைர் மாமியின் முதுகை இன்னும் கண்டுபிடித்திருக்கவே இல்லை.

சுஹைர் திறந்த வாயை மூடுவதற்குள் முச்சக்கரவண்டி ஒன்று வந்து நின்றது. ஸும்ராவும் ஹவ்வா உம்மாவும் இறங்கினார்கள். பிரியாணிச் சட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து அந்த உயர ஜீப்பில் தூக்கி வைத்தார்கள். ஹவ்வா உம்மா மூச்சுக்கூட வாங்கவில்லை.

"மாமி... முதுகு?"

"எந்த முதுகு? உங்கட கலியாணத்துக்குச் சோறாக்கின அண்டைக்கு வலிச்சது. பொறகு வலிக்கல்ல."

"ஸும்ரா, நான் ஓட்டத்துக்கு வந்தது!"

"ஓடுங்களே. மெல்ல ஓடுங்க. வட்டிலப்பம் இரிக்கி."

ஏணி கேட்ட மாமி ஒரே எட்டில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தா. ஸும்ரா பின்னால் சட்டியோடு இருந்துகொண்டாள்.

விசில் ஊதியது. மற்ற ஜீப்புகள் மணலை வாரி இறைத்துக்கொண்டு பறந்தன. சுஹைர் ஊர்ந்தான். ஆனால் அந்தப் பட்டைகள்! மேட்டில் ஏறும்போது குனிந்து கொடுத்தன. பள்ளத்தில் சக்கரத்தைக் கைபிடித்து இறக்கிவிட்டன. அவன் கனவு கண்ட ஓட்டம் அதுதான், வேகம் மட்டும்தான் இல்லை. பெருமையும் அழுகையும் ஒன்றாக வந்தன. இரண்டாம் மேட்டுக்குப் பின்னால் பறந்துபோன ஜீப்புகள் அத்தனையும் ஒரே பள்ளத்தில் புதைந்து கிடந்தன. நஜாத்தின் ஜீப்பின் பின்சக்கரம் ஆகாயத்தைப் பார்த்துச் சுழன்றது. சுஹைரின் கை போனுக்குப் போனது.

"மருமகன், ரெண்டு கையாலயும் பிடிங்க," என்றா ஹவ்வா உம்மா.

அவன்தான் முதலாவதாகப் போய்ச் சேர்ந்தான். கடல் ஓரத்தில் நின்ற சனம் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடிவந்தது. சுஹைர் கையை உயர்த்திக்கொண்டு இறங்கினான். சனம் அவனைச் சுற்றிக்கொண்டு போய்ச் சட்டியைப் பிடித்தது. நம்பர் இல்லாத வண்டிக்கு முதலிடமும் இல்லையாம். வெற்றிக் கோப்பை, பிறகு நடந்து வந்து சேர்ந்த யாரோ ஒருவனுக்குப் போனது.

ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் சஹன் தட்டு ஒன்றின் ஓரத்தில் சுஹைரும் குந்தினான். கோபத்தோடுதான் சாப்பிட்டான், என்றாலும் குறைவாகச் சாப்பிடவில்லை. ஸும்ரா வந்து ஒரு துண்டு வட்டிலப்பத்தைக் கூட வைத்தாள். மூலைகூட உடையாத துண்டு.

"நான் சொன்னது பொய்யெண்டு முதலே தெரியுமா?" என்று மெல்லக் கேட்டான்.

"அதை விடுங்க. கனமூலை ஊர்ல ஒரு கலியாணச் சாப்பாடு வந்திரிக்கி, சூப்பும் வேணுமாம்," என்றாள் ஸும்ரா. "முன் ஸ்பிரிங்கையும் நீட்டாப் போடோணும், இந்த முறை உம்மாக்கு எங்க வலிக்குது எண்டு யோசிச்சு வைங்க."