டோல்கேட்டில் இறங்காதவர்கள்

அன்புள்ள தம்பி வில்சனுக்கு, டோல்கேட்டிலிருந்து அண்ணன் அருள்பிரகாசம் எழுதுவது.

நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. போன ஞாயிற்றுக்கிழமை உன் பேத்தியின் ஞானஸ்நானத்துக்கு என்னை அழைத்துப் போகாமல், குடும்பத்தோடு மெட்ரோ ரயிலில் என் தலைக்கு மேலேயே ராயபுரம் போனாய். இது அநியாயம். வேறு நல்ல சொல் இருந்தால் நீயே போட்டுக்கொள்.

நாற்பது வருடமாக நம் வீட்டு வழக்கம் என்ன? கோயில் காரியம் என்றால் எண்ணூரிலிருந்து கிளம்பும் நீங்கள் எல்லோரும் டோல்கேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, என் வீட்டில் முகம் கழுவி, டீ குடித்து, பிறகு மூத்தவனான என்னை முன்னால் விட்டுக்கொண்டு நடப்பீர்கள். அன்றும் வேட்டி கட்டி உட்கார்ந்திருந்தேன். உன் மகன் ஜெரி போன் பண்ணினான். "பெரிப்பா, மாடிக்கு வாங்க, ரயில்லேர்ந்து டாட்டா காட்றோம்." போய் நின்றேன். ஜன்னல் ஜன்னலாகக் கைகள் ஆடின. குழந்தையைக்கூடத் தூக்கிக் காட்டினான். சரி, ஸ்டேஷனில் இறங்கி வருகிறார்கள் என்று கீழே ஓடிப் பதினோரு டம்ளர் டீ ஊற்றினேன். பக்கத்து வீட்டு மரியம் எட்டிப் பார்த்து, "இன்னா நைனா, கட்சி மீட்டிங்கா?" என்றாள். டீயில் ஆடை படிந்தது. "அவுங்க இந்நேரம் கோயில்ல கீறாங்க நைனா. நீ அங்க வந்துடுவேன்னு நென்ச்சிருப்பாங்க. அதான் ரயிலு கீதே?" என்றாள்.

"கூட்டிக்கினு போவ வராம நான் எப்படிப் போறது?"

"அப்ப ஒக்காந்து டீயக் குடி."

குடித்தேன். அந்த ரயிலுக்காக வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியவன் நான். அது வந்தால் ஊரே என் வாசலுக்கு வரும் என்று நினைத்தேன். ரயில் வந்தது. எதிரே இருந்த சுயம்பு, தன் மளிகைக் கடையைப் பெயர்த்துக்கொண்டு ஸ்டேஷன் படிக்கட்டின் அடியில் போய் உட்கார்ந்தான், மேல் போர்ஷன் ஃப்ளோரன்ஸ் டீச்சர், வாடகை குறைவு, ஏறினால் ஒரே ஓட்டம் என்று விம்கோ நகருக்கு வீடு மாறினாள், என் வாசலில் இருந்த பஸ் நிறுத்தமும் ஸ்டேஷன் பக்கம் நகர்ந்துவிட்டது. உட்கார்ந்து யோசித்ததில் இன்னொன்றும் புரிந்தது, வில்சன். அந்தக் காலத்தில் கண்டெய்னர் லாரிகள் ரோட்டை அடைத்து நிற்கும். பஸ் நகராது. அதனால் இறங்கினீர்கள். நான் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

குழந்தைக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று இதுவரை ஒருவரும் சொல்லவில்லை. அதன் நெற்றியில் என் சார்பில் ஒரு சிலுவை போடு.

இனி நடக்க வேண்டியவை. ஜெரி குழந்தையை என் மடியில் கொண்டுவந்து வைக்க வேண்டும். ஜன்னல் கண்ணாடியில் வைத்தது கணக்கில் சேராது. உன் மனைவி ஐரீன் வஞ்சிரம் குழம்போடு வர வேண்டும். நீ டோல்கேட்டில் இறங்கி, வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி "அண்ணே" என்று கூப்பிட வேண்டும். நான் என் பங்குக்கு, சாகும்வரை அந்த ரயிலில் கால் வைக்காமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் ஒரே அண்ணன்

பி.கு: தபால் பெட்டியும் எங்கேயோ போய்விட்டது. ஞாயிறு காலை ஒன்பது மணி ரயிலில் இதை நானே கொண்டுவருகிறேன். கொடுத்ததும் பிரிக்காதே. நான் சாப்பிட்டு, குழந்தையைக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுக் கிளம்பிய பிறகு படி.